பேஸ்மேக்கர் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு

இதய நோய்ப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதற்குப் பிறகு எனக்கே நாடித்துடிப்பு இறங்கி, பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஒரு முறை பேட்டரியும் மாற்றியாகிவிட்டது. கட்டிலின் பக்கத்தில் நின்றும் பார்த்தவள், கட்டிலில் படுத்தும் பார்த்தவள் என்பதால், மதுரையில் எங்கள் தெருவிலோ சொந்தத்திலோ யாருக்காவது "பேஸ்மேக்கர் வைக்கணும்" என்று டாக்டர் சொன்னால் நேரே என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் ஆபரேஷனை நினைத்துத்தான் நடுங்குகிறார்கள். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் டாக்டரின் பொறுப்பு. அதற்கு முந்தைய சில நாட்களும், பிந்தைய ஆறு வாரங்களும், அப்புறம் ஆயுசுக்கும் தவறாமல் செக்கப்புக்குப் போவதும்தான் நம் பொறுப்பு. நாமோ பயத்தையெல்லாம் ஆபரேஷனுக்கே செலவழித்துவிட்டு, தையல் ஆறியதும் அசட்டையாகிவிடுகிறோம். கொஞ்சம் பயத்தை முன்னால் குறைத்து, அந்தக் கவனத்தைப் பின்னால் வையுங்கள்.

1. உங்களுக்கு என்ன கோளாறு என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இதயத்துக்குள்ளேயே ஒரு மின்சார ஏற்பாடு இருக்கிறது. வலது மேலறையில் உள்ள சைனஸ் முனை ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைக்கிறது. அது நடுவில் இருக்கும் ஏ.வி. முனை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. சைனஸ் முனை தளர்ந்துபோனாலும், நடுவழியில் சிக்னல் நின்றுபோனாலும், துடிப்பு நிமிடத்துக்கு 40, 30 என்று இறங்கிவிடும். மூளைக்கு ரத்தம் போதாமல் தலை கிறுகிறுக்கும், கண் இருட்டும், சிலர் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார்கள். டாக்டர் இதை "ஹார்ட் ப்ளாக்" என்று சொன்னதும், ரத்தக்குழாய் அடைப்பு என்று நினைத்துக்கொண்டு "ஸ்டென்ட் வைத்தால் போதாதா?" என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிற குடும்பங்கள் நிறைய. வீட்டில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்வது வேறு, ஒயரிங் கெட்டுப்போவது வேறு. ஸ்டென்ட் குழாய்க்கு, பேஸ்மேக்கர் ஒயரிங்குக்கு. சிலருக்கு இரண்டும் தேவைப்படும். பேஸ்மேக்கர் வைத்தால் பிரஷர் குறையும், மாரடைப்பு வராது என்றெல்லாம் எண்ண வேண்டாம். துடிப்பு இறங்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை.

2. மயக்கத்தைப் "பித்தம்", "வெயில்", "சாப்பிடாமல் இருந்ததால்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு முறை முன்னறிவிப்பே இல்லாமல் விழுந்திருந்தால் ஈ.சி.ஜி. எடுத்தே தீர வேண்டும். அதில் பிடிபடாவிட்டால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டிவிடும் ஹோல்டர் கருவியில் பிடிபடலாம். இன்னொன்று: பிரஷருக்கும் படபடப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளே துடிப்பைக் குறைத்துவிடும். தைராய்டு குறைவும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதும் அதே வேலையைச் செய்யும். நல்ல டாக்டர் முதலில் இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் பேஸ்மேக்கர் பேச்சை எடுப்பார். அப்படிப் பார்த்தபிறகும் தேவை என்றால், ஆடி முடியட்டும், தை பிறக்கட்டும் என்று நாள் கடத்தாதீர்கள். நாள் பார்ப்பதற்குள் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தவள் சொல்கிறேன்.

3. டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கருவியிலிருந்து இதயத்துக்குள் போவது ஒரு ஒயரா, இரண்டு ஒயரா, எனக்கு ஏன் அது? கருவியும் ஒயரும் இரண்டுமே எம்.ஆர்.ஐ. எடுக்கத் தோதானவையா? பேட்டரி சுமாராக எத்தனை வருடம் வரும்? பிறகு செக்கப் யார் செய்வார்கள், எங்கே? இந்த நாலு கேள்வி போதும். மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நிரந்தரமாகவே இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு ஒயரே போதும். ஆகவே "விலை கூடினதுதான் நல்லது" என்று குடும்பத்தார் பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. ஒயரே இல்லாமல் தொடை வழியாக உள்ளே அனுப்பி, இதயத்துக்குள்ளேயே பொருத்தும் சிறு கருவியும் இப்போது உண்டு. அது எல்லோருக்கும் பொருந்தாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேரும் நாளன்றே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் காட்டிவிடுங்கள். முன்ஒப்புதல் வாங்க நேரமாகும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள், டயாலிசிஸுக்காக இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருப்பவர்கள், மார்பில் ஆபரேஷன் ஆனவர்கள் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். வழக்கமாக இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழேதான் வைப்பார்கள். இந்தக் காரணங்கள் இருந்தால் பக்கத்தை மாற்றுவார்கள்.

4. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், அட்டையோடு, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். பேர் தெரியாமல் "வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை" என்றால் சிஸ்டர் என்ன செய்வார்? ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள்தான் இதில் முக்கியம். வார்ஃபரின், ஏசிட்ரோம், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எதையும் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று நிறுத்தாதீர்கள், தொடரவும் செய்யாதீர்கள். சிலருக்கு நிறுத்தச் சொல்வார்கள். சிலருக்கு, உதாரணமாகச் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு, தொடரச் சொல்வதும் உண்டு. டாக்டர் சொல்வதே கணக்கு. சர்க்கரை மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் இதே விதி. வெறும் வயிற்றோடு இருக்கும் நாளில் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆகவே கடைசி நாளில் கேட்பதில் பயனில்லை. நாட்டு மருந்து, லேகியம், சூரணம் சாப்பிடுகிறவர்கள் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். அவற்றிலும் ரத்தத்தை இளக்குவது உண்டு.

5. முதல் நாள் செய்ய வேண்டியவை. காய்ச்சல், சளி, சிறுநீர் எரிச்சல், உடம்பில் எங்காவது சீழ்ப்புண், பல் வீக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். "சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவார்களே" என்று மறைப்பவர்கள்தான் அதிகம். அவசரம் இல்லாதபோது தள்ளிவைப்பதே உங்களுக்கு நல்லது. கிருமி இருக்கும் உடம்பில் புதுக் கருவியை வைத்தால் அந்தக் கிருமி போய் அதில்தான் உட்காரும். மார்பு முடியை வீட்டிலேயே பிளேடால் மழிக்காதீர்கள். சிறு கீறலும் கிருமிக்கு வாசல். ஆஸ்பத்திரியில் மெஷினால் எடுத்துவிடுவார்கள். கொடுக்கும் சோப்பால் நன்றாகக் குளியுங்கள். மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வருடக்கணக்கில் கழற்றாத திருகு அங்கே வந்து எண்ணெய் விட்டாலும் வராது, அந்தக் காலை நேரத்தில் அது பெரிய பாடு. தாலியைக் கழற்ற மனம் வராத அம்மாக்களுக்கு ஒன்று சொல்வேன்: மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சளைக் கட்டிக் கையில் கட்டிக்கொள்ளலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். பல இடங்களில் வலது கையில் கட்ட விடுவார்கள். நகையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்.

6. ஆபரேஷன் மேஜையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது. இடது கையில் ஊசி வழி போடுவார்கள். "அந்தப் பக்கம்தானே ஆபரேஷன், அந்தக் கையிலா குத்துவது?" என்று பலர் கேட்பார்கள். ரத்த நாளம் எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதன் வழியாகத்தான் சாய மருந்து செலுத்த வேண்டியிருக்கும். கீறுவதற்கு முன்பே கிருமி எதிர்ப்பு ஊசி ஏறும். பிறகு காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி. வலி என்று சொன்னால் இந்த ஊசிதான், கொஞ்சம் எரியும். முகத்தின் பக்கமாகத் துணித் திரை போட்டுவிடுவார்கள். அந்தத் துணிக்குள் மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் உடனே சொல்லுங்கள், ஓரத்தைத் தூக்கிவிடுவார்கள். இரண்டு அங்குல அளவில் கீறி, தோலுக்கு அடியில் ஒரு பை மாதிரி இடம் செய்வார்கள். அப்போது அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், வெட்டுவது தெரியக் கூடாது. வெட்டுவதுபோல் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் சொல்லுங்கள், மறுபடி மருந்து போடுவார்கள். ரத்த நாளம் வழியாக ஒயரை எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே இதயத்துக்குள் இறக்கும்போது, இரண்டு மூன்று துடிப்பு தாறுமாறாகத் தட்டும். நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது போல இருக்கும். அது ஒயர் உள்சுவரைத் தொடுவதால் வருவது, பயப்படாதீர்கள். "மூச்சை இழுங்க, இருமுங்க" என்று டாக்டர் சொல்வார், ஒயர் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். சொன்னபடி செய்யுங்கள். இருமல், தும்மல் தானாக வருவதுபோல் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. பேஸ்மேக்கர் ஷாக் அடிக்காது. ஷாக் கொடுக்கும் கருவி வேறு, அதை ஐ.சி.டி. என்பார்கள். பேஸ்மேக்கர் அனுப்புவது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் போகும் மிகச் சிறிய மின்துடிப்பு. உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

8. இன்னும் மனம் சமாதானம் ஆகாதவர்களுக்கு நான் ஸ்வீடன் நாட்டு ஆர்னே லார்சன் கதையைச் சொல்வேன். உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட முதல் மனிதர் அவர்தான். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஓகே செனிங் என்ற அறுவை மருத்துவர், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்துகொடுத்த கருவியை வைத்தார். அப்போது மார்பைத் திறந்துதான் வைக்க வேண்டியிருந்தது. அந்த முதல் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. லார்சனோ அதன்பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, தன் டாக்டரையும் பொறியாளரையும் கடந்து வாழ்ந்து, 2001-ல் 86 வயதில் காலமானார், அதுவும் இதய நோயால் இல்லை. அன்று அந்த மனிதர் பட்ட பாட்டில்தான் இன்று நாம் 20, 30 கிராம் எடையுள்ள கருவியை வைத்துக்கொண்டு ஓரிரு நாளில் வீட்டுக்கு வருகிறோம்.

9. முதல் இரவு மல்லாந்து படுங்கள், அந்தப் பக்கம் ஒருக்களிக்காதீர்கள். மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். ஒயர் இடத்தில் இருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மூச்சு விடும்போது குத்தினாலோ, மூச்சு வாங்கினாலோ, விக்கல் நிற்காமல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மணியை அடியுங்கள். விக்கலை அலட்சியம் செய்யாதீர்கள். ஒயரின் மின்துடிப்பு உதரவிதானத்தைத் தட்டினாலும் விக்கல் வரும். டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லை வாங்குகிற அக்கறையோடு பேஸ்மேக்கர் அடையாள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கருவியின் மாடல், சீரியல் எண், வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். அதன் நகல் ஒன்றை பர்ஸில் வையுங்கள், போட்டோ எடுத்து பிள்ளைகள் எல்லோருடைய போனுக்கும் அனுப்புங்கள்.

10. அடுத்த ஆறு வாரம். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒயரின் நுனி இதயச் சுவரில் ஒட்டி உறுதியாகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் கையை உயரத் தூக்கினால், எட்டி இழுத்தால், ஒயர் நகர்ந்துவிடலாம். நகர்ந்தால் மறுபடியும் மேஜைக்குப் போக வேண்டும். ஆகவே வைத்த பக்கத்துக் கையின் முழங்கை தோளுக்கு மேல் போகக் கூடாது. நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. "நான் எதுவுமே செய்யலையே" என்பவர்கள்கூட, யோசிக்காமல் கையைத் தூக்குகிற இடங்கள் இருக்கின்றன. கொடியில் துணி காயப்போடுவது. பரணில் இருந்து பாத்திரம் எடுப்பது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பது. தலை பின்னுவது. பனியனைத் தலைவழியாகக் கழற்றுவது. ஷட்டரைத் தூக்குவது. பிரேக் போடும்போது முன்சீட்டை உந்துவது. படுக்கையிலிருந்து அந்தக் கையை ஊன்றி எழுவது. பேரனை இடுப்பில் தூக்குவது. தண்ணீர்க் குடத்தைச் சொல்லவே வேண்டாம். கோபுரத்தைக் கண்டதும் இரண்டு கையும் தானாகத் தலைக்கு மேலே போகும் நமக்கு. இந்த ஆறு வாரமும் நெஞ்சுக்கு நேரே கும்பிடுங்கள், மீனாட்சி கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆண்கள் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடுங்கள். பெண்களுக்கு முன்புறம் திறக்கும் நைட்டி நல்லது. முந்தானை இடது தோளில்தான் விழும், அதைக் காயத்தின் மேல் பின் குத்தி இறுக்காதீர்கள். உள்ளாடைப் பட்டை உரசினால் நடுவில் மெல்லிய துணியை மடித்து வையுங்கள். கார் சீட்பெல்ட்டுக்கும் அதுவே, பெல்ட் போடாமல் மட்டும் போகாதீர்கள். வண்டி ஓட்டுவதை டாக்டர் சொன்ன பிறகே தொடங்குங்கள். மயங்கி விழுந்த பிறகு கருவி வைத்தவர்களும், பஸ், லாரி, ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர்களும் இதை எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

11. அதற்காகக் கையைக் கட்டியே போட்டுவிடாதீர்கள். இது முந்தையதற்கு நேர் எதிராகத் தோன்றும், ஆனால் இரண்டும் வேண்டும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர், வீட்டார் பயமுறுத்தியதில், மூன்று மாதம் கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியே வைத்திருந்தார். பேஸ்மேக்கர் அருமையாக வேலை செய்தது. தோள்தான் இறுகிப்போய், சோற்றுக் கையைக்கூடத் திருப்ப முடியவில்லை. வலப்பக்கம் வைத்திருந்தார்கள் அவருக்கு. பிசியோதெரபியில் பல மாதம் அழுதார். முதல் நாளிலிருந்தே விரலை மடக்கி நீட்டுங்கள், முழங்கையை மடக்குங்கள், தோளை மெல்ல முன்னும் பின்னும் சுழற்றுங்கள். சாப்பிடுவது, பல் தேய்ப்பது, பேப்பர் படிப்பது எல்லாம் அந்தக் கையாலேயே செய்யலாம்.

12. காயம். டாக்டர் சொல்லும்வரை, பொதுவாக ஒரு வாரம் பத்து நாள், நனைக்காதீர்கள். இடுப்புக்குக் கீழே குளித்துவிட்டு மேலே ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி, நெய், பவுடர் எதுவும் காயத்தின் மேல் படக் கூடாது. பூணூல் போட்டிருப்பவர்கள் நனைந்த நூல் அதன்மேல் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேசான வீக்கமும், சில நாள் நீலம் பாய்ந்து மஞ்சளாகி மறைவதும் சகஜம். சிவப்பு பரவினால், சூடாக இருந்தால், தொட முடியாமல் வலித்தால், நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், வைத்த ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

வேறு எங்கும் போகாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சிக்குக் கருவி வைத்த இடத்தில் ரத்தம் கட்டி வீங்கியிருந்தது. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் "சீழ்தான், எடுத்துவிடலாம்" என்று ஊசி விட்டு உறிஞ்சினார்கள். அது வெறும் ரத்தக்கட்டு, விட்டிருந்தால் தானே கரைந்திருக்கும். ஊசியோடு கிருமி உள்ளே போனது. பேஸ்மேக்கர் பையில் கிருமி புகுந்தால் மாத்திரையால் தீராது. கருவி, ஒயர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, மறுபக்கம் புதிதாக வைக்க வேண்டும். அவளுக்கு அத்தனையும் நடந்தது. அந்த வீக்கத்தில் ஊசி வைக்க யாரையும் விடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கி நாளையும் கடத்தாதீர்கள்.

இன்னொன்று, கை சும்மா இருக்காமல் கருவியைத் தோலுக்கு மேலே தடவி உருட்டிக்கொண்டே இருக்காதீர்கள். உள்ளே அது சுழன்று ஒயரைச் சுருட்டி இழுத்துவிட்ட கேஸ்கள் மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கின்றன.

13. பத்தியம் கிடையாது. "கத்தரிக்காய் சேர்த்தால் காயம் அரிக்கும், கருவாடு ஆகாது, தயிர் சீழ் வைக்கும்" என்று அத்தைமார் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, மீன், பயறு நன்றாகச் சாப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டில் வையுங்கள், காயம் ஆறுவதை எது கெடுக்கிறதோ இல்லையோ, சர்க்கரை கெடுக்கும். பார்க்க வருகிறவர்கள் கட்டிலில் உட்கார்ந்து, "எங்கே காட்டு" என்று தொட்டுப் பார்ப்பதை வீட்டார் தடுக்க வேண்டும்.

14. வீட்டு மின்சாமான்களில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம். மிக்சி, டிவி, ஃபேன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் எர்த் சரியாக இருக்க வேண்டும். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய, "லேசாத்தான் அடிக்கும்" என்று பழகியும் விடுகிறோம். அந்தக் கசிவு மின்சாரத்தை இதயத் துடிப்பு என்று பேஸ்மேக்கர் தவறாக எடுத்துக்கொண்டு, அந்த நேரம் வேலை செய்யாமல் நின்றுவிடக் கூடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தும், உயிர்காக்கும் டிரிப் சுவிட்சும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே அதைச் செய்தால் இன்னும் நல்லது. இண்டக்‌ஷன் அடுப்புக்கும் கருவிக்கும் இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், குனிந்து கிளறும் சமையலுக்கு அது ஒத்துவராது. கேஸ் அடுப்பிலேயே சமையுங்கள். செல்போனைச் சட்டையின் இடது பையில் போடும் பழக்கத்தை ஆண்கள் இன்றோடு விட வேண்டும், அது நேரே கருவியின் மேல்தான் உட்காரும். 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், வலது காதில் பேசுங்கள். பின்பக்கம் காந்தம் வைத்த போன்களும், காதுக்கருவி டப்பாக்களும் வந்துவிட்டன, அவற்றை மார்பின் மேல் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். மூட்டுவலிக்கு என்று வீடுவீடாக விற்கும் காந்தப் படுக்கை, காந்த மாலை வேண்டவே வேண்டாம். காந்தம் பக்கத்தில் வந்தால் கருவி உங்கள் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் தட்டத் தொடங்கும். வெல்டிங் பட்டறைக்காரர்கள் டாக்டரிடம் பேசாமல் வேலைக்குத் திரும்பக் கூடாது.

15. வெளியே போகும்போது. மீனாட்சியம்மன் கோயில் வாசலிலும், மால்களிலும், விமான நிலையத்திலும் உள்ள சோதனை வாயிலை இயல்பாக நடந்து கடந்துவிடுங்கள், அதில் சாய்ந்து நிற்காதீர்கள். கையில் பிடிக்கும் கருவியை மார்பின் மேலேயே வைத்திருக்க வேண்டாம் என்று அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரே ஆனாலும், முதல் வாக்கியமே "எனக்கு பேஸ்மேக்கர் இருக்கு" என்பதாக இருக்கட்டும். எக்ஸ்ரே, சி.டி., அல்ட்ராசவுண்ட், ஈ.சி.ஜி. எல்லாம் எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. என்றால் கருவியும் ஒயரும் அதற்குத் தோதானவையா என்று பார்த்து, கருவியின் அமைப்பை அதற்கேற்ப மாற்றித்தான் எடுப்பார்கள். முதல் ஆறு வாரம் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ஹெர்னியா, பித்தப்பை என்று வேறு ஆபரேஷன் வந்தால் மின்கத்தி பயன்படுத்துவார்கள், ஆகவே சர்ஜனுக்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் முன்பே தெரிய வேண்டும். பிசியோதெரபியில் சூடு கொடுக்கும் டயதர்மி கூடவே கூடாது.

16. தினமும் காலையில் எழுந்ததும் உட்கார்ந்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் நாடி பிடித்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கருவியில் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பலருக்கு 60. அதற்கு நன்றாகக் கீழே இறங்கினால், அல்லது பழைய கிறக்கமும் மயக்கமும் திரும்ப வந்தால், அன்றே போங்கள். நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால் எண்ணிக்கை கொஞ்சம் குறைவாகத் தெரியும், அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம், அடுத்த செக்கப்பில் சொல்லுங்கள். கருவி வைத்த பக்கத்துக் கை முழுவதும் வீங்கினாலும் காட்ட வேண்டும்.

17. சிலருக்கு மனம் தளரும். இரவில் இதயம் துடிப்பதைக் கேட்டுக்கொண்டே விழித்திருப்பார்கள், குளியலறைக் கதவைத் தாழ்போடப் பயப்படுவார்கள், மனைவியோ கணவரோ தொட்டால்கூட ஏதாவது ஆகிவிடுமோ என்று விலகிப் படுப்பார்கள். எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை, கையில் பாரம் தாங்காமல் இருந்தால் போதும். காலையில் தெருமுனைவரை, அப்புறம் பூங்காவரை என்று நடக்கத் தொடங்குங்கள். பல மாதமாக மாடி ஏற முடியாமல் இருந்தவர்கள் இரண்டாவது வாரத்தில் ஏறுவதைப் பார்க்கும்போது அவர்களுக்கே நம்பிக்கை வந்துவிடுகிறது. இளவயதில் வைத்துக்கொண்ட பெண்களே, கல்யாணமும் பிள்ளைப்பேறும் உங்களுக்கு முடிந்துபோன கதை இல்லை. பேஸ்மேக்கரோடு நல்லபடியாகப் பிரசவித்தவர்கள் எத்தனையோ பேர். இதய டாக்டரிடமும் மகப்பேறு டாக்டரிடமும் முன்பே பேசுங்கள்.

18. செக்கப். முதல் சில மாதங்களுக்குள் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை. மார்பின் மேல் ஒரு கருவியை வைத்து, கம்ப்யூட்டரில் பேட்டரி எவ்வளவு, ஒயர் எப்படி, எத்தனை துடிப்பு கருவி போட்டது, எத்தனை நீங்களே போட்டது என்று பார்ப்பார்கள். வலியே கிடையாது, அரை மணிகூட ஆகாது. ஆனாலும் இரண்டாவது வருடத்திலிருந்து வருகிறவர் கூட்டம் குறைந்துவிடும். "நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். பேட்டரி எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வரலாம், துடிப்பு முழுக்கக் கருவியை நம்பியிருப்பவர்களுக்குச் சீக்கிரமும் தீரலாம். தீருவதற்கு மாதங்கள் முன்பே அது எச்சரிக்கை காட்டிவிடும், ஆனால் அதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே! மாற்றும்போது வழக்கமாகப் பழைய ஒயரையே வைத்துக்கொண்டு கருவியை மட்டும் மாற்றுவார்கள். முதல் தடவையைவிடச் சுலபம், ஆனால் கிருமி புகும் வாய்ப்பு முதல் தடவையைவிட அதிகம். ஆகவே "போன தடவை பார்த்ததுதானே" என்று காயத்தை அசட்டை செய்யாதீர்கள்.

19. கடைசியாக, வீட்டில் யாரும் பேச விரும்பாத ஒன்று. பேஸ்மேக்கர் உயிரைப் பிடித்து வைக்காது. உடம்பு ஓய்ந்தால் அதன் மின்துடிப்புக்கு இதயம் பதில் சொல்லாது. "கருவி இருக்கிறதே, உயிர் போகாமல் அவஸ்தைப்படுவாரோ" என்று பிள்ளைகள் பயப்பட வேண்டாம். ஆனால் தகனம் செய்யும் முன் கருவியை எடுத்தே ஆக வேண்டும். நெருப்பில் அதன் பேட்டரி வெடிக்கும். 1976-ல் இங்கிலாந்தின் சோலிஹல் ஊரில் தகன மேடையில் அப்படி வெடித்தது முதன்முதலாகப் பதிவானது. மின்மயானத்தில் உலையும் சேதமாகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. வீட்டிலேயே இறந்தால் ஒரு டாக்டரை அழைத்து எடுக்கச் சொல்லலாம், சிறு கீறல்தான். புதைப்பதென்றால் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என் மகனிடமும் மருமகளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அன்றைய அழுகையில் யாருக்கும் நினைவு வராது என்பதால், பேஸ்மேக்கர் அட்டை இருக்கும் கவரின் மேலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதி வையுங்கள், அந்தக் கவர் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இரண்டு பேருக்காவது சொல்லிவையுங்கள்.